கார்சிங்டன்: போர்க்காலத்தில் கதவு திறந்திருந்த ஒரு வீடு

1916 மார்ச் மாதம். இலண்டன், ஹாம்ப்ஸ்டெட். போருக்குப் போக மறுக்கிற ஆக்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "ஏன் மறுக்கிறாய்?" என்று கேட்கிற விசாரணை மன்று ஒன்று. அன்றைக்கு வந்து நின்றவர் லிட்டன் ஸ்ட்ரேச்சி என்ற எழுத்தாளர். வயது 36, நீண்ட தாடி, நோஞ்சான் உடம்பு. அவரோடு சாட்சி சொல்ல வந்த நண்பர் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். அந்த நண்பரின் கையில் காற்றடிக்கிற சின்ன மெத்தை ஒன்று இருந்தது. ஸ்ட்ரேச்சிக்கு மூலவருத்தம், மர வாங்கில் இருக்க ஏலாது. நண்பர் மெத்தையை நீட்டினார். ஸ்ட்ரேச்சி எல்லாருக்கும் முன்னால் அதை ஊதிப் பெருப்பித்து, வாங்கில் வைத்து, மெதுவாக அதற்கு மேல் இருந்தார். பிறகுதான் விசாரணை தொடங்கியது.

ஒரு ஜேர்மன் சிப்பாய் உம்முடைய சகோதரியைப் பலாத்காரம் செய்ய வந்தால் என்ன செய்வீர் என்று கேட்டார்கள். அந்தக் காலத்தில் இப்படியான மன்றுகளில் எல்லாரிடமும் கேட்கப்பட்ட கேள்வி இது. என் உடம்பை இரண்டு பேருக்கும் நடுவில் நுழைக்கப் பார்ப்பேன் என்ற மாதிரி ஒரு பதிலைச் சொன்னார் ஸ்ட்ரேச்சி. அதில் இருந்த இரட்டை அர்த்தம் மன்றில் இருந்தவர்களுக்கு விளங்காமல் போயிருக்காது. மன்று அவருடைய மனச்சாட்சியை ஏற்கவில்லை. கடைசியில் உடம்பு சரியில்லை என்ற மருத்துவக் காரணத்தால்தான் அவர் தப்பினார்.

இந்தக் கதையைச் சொல்லுகிற ஆக்கள் எல்லாரும் ஸ்ட்ரேச்சியின் பதிலைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்த நண்பரில்தான் கண் நின்றது. நாட்டிலே போர்வெறி உச்சத்தில் இருக்கிற நேரம், "கோழைகள்" என்று பேப்பர்கள் திட்டித் தீர்க்கிற ஒருவருக்காக, வாக்குக் கேட்டு வாழவேண்டிய ஓர் அரசியல்வாதி பகிரங்கமாக வந்து பக்கத்தில் நிற்கிறார். யார் இந்த மனிசன்?

பெயர் பிலிப் மொரெல். லிபரல் கட்சிக்காரர், பேர்ன்லி தொகுதியின் உறுப்பினர். 1914 ஓகஸ்ட் 3ஆம் திகதி, வெளியுறவு அமைச்சர் எட்வேட் கிரே நாடாளுமன்றத்தில் போருக்கு ஆதரவு திரட்டிப் பேசிய அதே நாளில், எழும்பி நின்று இந்தப் போர் வேண்டாம் என்று சொன்ன சிலரில் ஒருவர். சபை அவரைக் கேட்கும் மனநிலையில் இருக்கவில்லை. அடுத்த நாள் பிரித்தானியா போருக்குள் இறங்கியது. அவருடைய அரசியல் வாழ்க்கை அந்தப் பேச்சோடேயே சரியத் தொடங்கிவிட்டது. 1918க்குப் பிறகு அவர் நாடாளுமன்றத்தில் இல்லை.

அவருடைய மனைவி ஒட்டலைன் மொரெல். இந்தக் கட்டுரை கூடுதலாக அவரைப் பற்றியது.

வீடு

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகை என்றால் எங்களில் பலருக்கு "டவுன்டன் அபி" தொடர்தான் ஞாபகம் வரும். அந்தத் தொடரை எடுத்த ஹைகிளேர் மாளிகை, முதலாம் உலகப்போரில் உண்மையாகவே காயப்பட்ட படையினருக்கான வைத்தியசாலையாக மாற்றப்பட்ட இடம். அப்படிப் பல மாளிகைகள் அந்த நாலு வருசமும் வைத்தியசாலையாகவும் ஓய்வில்லமாகவும் இயங்கின. வீட்டுக்காரரின் மகன் பிரான்ஸிலோ பெல்ஜியத்திலோ செத்துக்கிடக்க, வீட்டின் வரவேற்பறையில் வேறு ஆக்களின் பிள்ளைகள் கட்டுப்போட்டுக் கிடப்பார்கள். போரோடு சேர்ந்து நின்ற வீடுகள் அவை.

கார்சிங்டன் வேற மாதிரி. ஒக்ஸ்போர்ட் நகரத்திலிருந்து சில மைல் தூரத்தில், சின்னக் குன்றொன்றில் இருக்கிற பழைய கல் வீடு. மொரெல் தம்பதிகள் அதை 1913இல் வாங்கி, 1915 மே மாதம் குடிவந்தார்கள். ஒட்டலைன் அந்த வீட்டைத் தன் கையால் மாற்றினார். ஒரு அறையின் மரச்சுவர்களுக்குச் சிவப்பு, இன்னொன்றுக்குப் பச்சை. தோட்டத்தில் நீள்சதுரக் குளம், சுற்றிவர வெட்டி ஒழுங்காக்கிய யூ மரங்கள், அவற்றுக்கிடையில் இத்தாலியப் பாணிச் சிலைகள், முற்றத்தில் மயில்கள். வீட்டுக்கார அம்மாவும் வீட்டைப் போலத்தான்: ஏறத்தாழ ஆறடி உயரம், செம்பட்டைத் தலைமயிர், பெரிய தொப்பி, ஒருவரும் உடுத்தாத மாதிரியான உடுப்பு. போர்ட்லண்ட் கோமகனின் தகப்பன்வழிச் சகோதரி, தாய் வேறு. பிறந்த வர்க்கத்தின்படி பார்த்தால் அவர் வேட்டைக்காரரோடும் பிரபுக்களோடும் பொழுதுபோக்கியிருக்க வேண்டும். அவர் தேடிப்போனது எழுத்தாளரையும் ஓவியரையும்.

அந்த வீட்டுக்கு வந்துபோன ஆக்களின் பட்டியல் ஒரு இலக்கியப் பாடத்திட்டம் மாதிரி இருக்கும். பெர்ட்ரண்ட் ரஸல், டி.எச். லோரன்ஸ், அல்டஸ் ஹக்ஸ்லி, கத்தரின் மான்ஸ்ஃபீல்ட், வேர்ஜீனியா வூல்ஃப், சீக்ஃபிரீட் சசூன், பொருளியலாளர் கெயின்ஸ், ஓவியர்கள் மார்க் கேர்ட்லர், டோரா கரிங்டன், டொரத்தி பிரெட். இவர்களில் பலர் அப்போது இன்னும் பெரிய ஆக்கள் ஆகவில்லை. காசில்லாத, வழக்குகளில் மாட்டிய, பேப்பர்காரர் திட்டுகிற இளம் ஆக்கள்.

தோட்டத்து மண்

1916 ஜனவரியில் பிரித்தானியா கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் 18 முதல் 41 வயதுக்குட்பட்ட கலியாணம் கட்டாத ஆண்கள். சில மாதத்தில் கலியாணம் கட்டினவர்களும். கட்டாய ஆட்சேர்ப்பு என்றால் ஒரு வீட்டுக்கு என்ன நடக்கும் என்பதை எங்கட வாசகர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டிய தேவை இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வித்தியாசமான வாசல் இருந்தது: மனச்சாட்சி இடம்தராது என்று ஒருவர் விண்ணப்பிக்கலாம். மன்று நம்பினால் முழு விலக்குத் தரலாம், அல்லது "தேச முக்கியத்துவம் வாய்ந்த வேலை" செய் என்று அனுப்பலாம். விவசாயம் அப்படியான வேலை.

கார்சிங்டன் வீட்டோடு பண்ணை ஒன்றும் இருந்தது. பிலிப் மொரெல் அந்தப் பண்ணையில் போர் மறுப்பாளர்களை வேலைக்கு எடுத்தார். கலை விமர்சகர் கிளைவ் பெல் வந்தார். 1915இல் "உடனே சமாதானம்" என்ற பொருளில் அவர் எழுதிய சின்ன நூலை அதிகாரிகள் பறிமுதல் செய்து அழித்திருந்தார்கள். ஜெரால்ட் ஷோவ் என்ற பொருளியலாளர் வந்தார். அல்டஸ் ஹக்ஸ்லிக்குக் கண் பார்வை மிகக் குறைவு, படை அவரை எடுக்கவில்லை. அவரும் வந்து விறகு வெட்டினார்.

மண்வெட்டி பிடித்தே பழக்கமில்லாத கையள். வேலை எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கோ. பலர் ஒழுங்காக வேலை செய்யவில்லை, சாப்பாட்டைப் பற்றியும் குளிரைப் பற்றியும் குறை சொன்னார்கள், மொரெல் குடும்பத்துக்குப் பண்ணையில் நட்டம். ஊர்ச்சனத்துக்கும் இவர்களைப் பிடிக்கவில்லை. அதிலே நியாயமும் இருக்கு. கிராமத்துப் பெடியள் அகழிக்குள் நிற்க, பட்டணத்துப் படித்த ஆக்கள் மயில் நிற்கிற தோட்டத்தில் தத்துவம் கதைத்துக்கொண்டு திரிந்தால் ஊர் என்ன சொல்லும்?

இந்த இடத்தில் நாங்கள் வர்க்கத்தைப் பற்றிக் கதைக்காமல் விடக்கூடாது. அந்தப் போரில் பிரித்தானியாவில் மனச்சாட்சியின் பேரில் மறுத்தவர்கள் ஏறத்தாழ 16,000 பேர் என்பது வழமையாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். 1916இல் சிலர் பலவந்தமாகப் பிரான்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே கட்டளையை மீறினார்கள் என்று 35 பேருக்கு இராணுவ நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. பிறகு அது பத்து வருசச் சிறையாக மாற்றப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் சாதாரண வேலை செய்து சீவித்த, மதநம்பிக்கையோ சோசலிச நம்பிக்கையோ உள்ள மனிதர்கள். அவர்களுக்கு மெத்தை கொண்டுவர நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் இல்லை. ஒரே மறுப்பு, ஒரே சட்டம். ஆனால் யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்து ஒருவருக்குப் பண்ணையும் இன்னொருவருக்குச் சிறையும் கிடைத்தது. நட்பு என்பது அழகான சொல்தான். அது ஒரு சலுகையாகவும் இருக்கும்.

இதைவிட விசித்திரம், அதே வீட்டுக்குக் கட்டாய ஆட்சேர்ப்பைக் கொண்டுவந்த பிரதமர் அஸ்கித்தும் வந்துபோனார். போருக்கான காசைத் திறைசேரியில் இருந்து ஒழுங்குபடுத்திய கெயின்ஸும் வந்தார். அதே கெயின்ஸ்தான் போர் மறுத்த தன் நண்பர்களுக்காக மன்றுகளில் போய்ச் சாட்சியும் சொன்னார். கிழமை நாளில் போரை நடத்து, சனி ஞாயிறில் போரை மறுத்தவனோடு இருந்து தேத்தண்ணி குடி. இதைப் பாசாங்கு என்று சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கருத்து வேறானவனை வீட்டுக்குள் விடாத சமூகத்தில் என்ன நடக்கும் என்பதையும் யோசித்த பிறகு, அவ்வளவு இலேசாகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்று நட்புகள்

கார்சிங்டனை விளங்கிக்கொள்ள மூன்று ஆக்களின் கதை போதும்.

முதலாவது ரஸல். அவருக்கும் ஒட்டலைனுக்கும் 1911இல் தொடங்கியது காதல். காலப்போக்கில் அது நட்பாக மாறி, கடைசிவரை நிலைத்தது. போர் மறுப்பாளர் ஒருவருக்கு ஆதரவாகத் துண்டுப்பிரசுரம் எழுதியதற்காக 1916இல் ரஸலுக்கு 100 பவுண் தண்டம். உடனே கேம்பிரிட்ஜின் ட்ரினிட்டி கல்லூரி அவரை விரிவுரையாளர் பதவியிலிருந்து நீக்கியது. ஒரு பல்கலைக்கழகம், உலகம் அறிந்த கணிதத் தத்துவவாதி ஒருவரை, அவர் சொன்ன கருத்துக்காக வெளியே போடுகிறது. 1918இல் இன்னொரு கட்டுரைக்காக ஆறு மாதச் சிறை. மே முதல் செப்டெம்பர் வரை பிரிக்ஸ்டன் சிறையில் இருந்தார். கணிதத் தத்துவத்துக்கு ஓர் அறிமுக நூலை அங்கேயே எழுதினார்.

சிறையிலிருந்து எழுதக்கூடிய கடிதங்களுக்குக் கட்டுப்பாடு, எழுதியதையும் அதிகாரி வாசிப்பார். அந்தக் காலத்துப் புத்தகங்களில் தாள்களின் ஓரம் வெட்டப்படாமல் மடிப்பாகவே இருக்கும், வாசிப்பவர்தான் கத்தியால் வெட்டவேண்டும். ரஸல் அந்த மடிப்புக்குள் கடிதத்தைச் செருகினார். ஆனால் காவலாளி பக்கத்தில் நிற்க, இந்தத் தந்திரத்தை ஒட்டலைனுக்கு எப்படிச் சொல்லுறது? பார்க்க வந்த அவரிடம் இலண்டன் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையைக் கொடுத்து, பார்க்கிறதைவிட இது சுவாரசியமானது என்ற மாதிரிச் சொன்னாராம். ஒட்டலைனுக்குக் கணிதம் தெரியாது. ஆனால் ஆளைத் தெரியும். விளங்கிவிட்டது. நட்பு என்றால் என்ன என்று கேட்டால் எனக்கு இப்ப ஞாபகம் வருவது இந்தக் கணிதச் சஞ்சிகைதான்.

இரண்டாவது சசூன். கவிஞர், படை அதிகாரி, வீரத்துக்காக இராணுவச் சிலுவைப் பதக்கம் பெற்றவர். 1916 ஜூலை 1ஆம் திகதி, சொம் சமரின் முதல் நாளில் மட்டும் பிரித்தானியப் படையில் 19,240 பேர் இறந்தார்கள். அந்தச் சமர்க்களத்திலிருந்து காய்ச்சலோடு திரும்பிய சசூன், அந்த ஓகஸ்ட்டில் ஒக்ஸ்போர்ட்டின் சமர்வில் கல்லூரியில் படுத்திருந்தார். பெண்கள் படித்த அந்தக் கல்லூரி அப்போது அதிகாரிகளுக்கான வைத்தியசாலை. கார்சிங்டன் பக்கத்திலே. அந்த வருசமே அவருக்கு ஒட்டலைனின் பழக்கம் ஏற்பட்டது.

1917 ஏப்ரலில் தோளில் குண்டு பட்டுத் திரும்பவும் இங்கிலாந்து வந்தபோது, இந்தப் போர் இனியும் நீடிப்பது அநியாயம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஒட்டலைனோடு கதைத்தார். ரஸலும் விமர்சகர் மிடில்டன் மரியும் அறிக்கை எழுத உதவினார்கள். விடுவிப்புக்கும் பாதுகாப்புக்குமாகத் தொடங்கிய போர் ஆக்கிரமிப்புப் போராக மாறிவிட்டது, முடிவுக்குக் கொண்டுவரக்கூடியவர்களே வேண்டுமென்று இழுக்கிறார்கள் என்பதுதான் அறிக்கையின் சாரம். ஜூலை 30ஆம் திகதி அது நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. அடுத்த நாள் டைம்ஸ் பத்திரிகையில் வந்தது. பதக்கத்தின் நாடாவை சசூன் ஆற்றில் எறிந்தார்.

இனி இராணுவ நீதிமன்றம் வரவேண்டும். அவர் எதிர்பார்த்ததும் அதைத்தான். அங்கேதான் இன்னொரு நண்பர் குறுக்கே வந்தார்: றொபேட் கிரேவ்ஸ், அவரும் கவிஞர், அதே படைப்பிரிவு. உனக்கு விசாரணையே வைக்கமாட்டாங்கள், போர் முடியும்வரை பைத்தியக்கார ஆசுப்பத்திரியில் பூட்டி வைப்பாங்கள் என்று சசூனை நம்பவைத்தார். அது பொய். மருத்துவச் சபைக்கு முன்னால் போய் அழுதழுது சசூனுக்கு மனநிலை சரியில்லை என்று சாட்சி சொன்னதும் அவர்தான். சசூன் எடின்பரோவில் இருந்த கிரெய்க்லொக்ஹார்ட் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். அங்கே வில்ஃபிரட் ஓவன் என்ற இளம் கவிஞரைச் சந்தித்து, அவருடைய எழுத்துக்குக் கைகொடுத்தார். பிறகு தன்னுடைய சிப்பாய்களை விட்டுவிட்டு இருக்கமுடியாமல் திரும்பப் போர்முனைக்கே போனார். ஓவனும் போனார். போர் முடிய ஒரு கிழமை இருக்க, 1918 நவம்பர் 4ஆம் திகதி ஓவன் கொல்லப்பட்டார்.

இதில் யார் உண்மையான நண்பர்? "நீ சொல்லவேண்டியதைச் சொல்லு" என்று பக்கத்தில் நின்ற கார்சிங்டன் ஆக்களா? பொய் சொல்லி உயிரைக் காப்பாற்றிய கிரேவ்ஸா? முதல் ஆக்களுக்கு அவருடைய சொல் பெரிதாகப் பட்டது. ஆனால் அந்தச் சொல்லுக்கு விலை கொடுக்கப்போவது அவர்கள் இல்லை. கிரேவ்ஸுக்கு ஆள்தான் பெரிது, அதற்காக அந்த ஆளின் சொல்லையே பைத்தியக்காரப் பேச்சாக்கினார். வகுப்பில் இதை நாங்கள் ஒரு மணித்தியாலம் கதைத்தோம், முடிவுக்கு வரவில்லை. போருக்குள் வளர்ந்த அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கோ. அனேகமாகக் கிரேவ்ஸ் பக்கம்தான் நிற்பார்கள்.

மூன்றாவது லோரன்ஸ். சுரங்கத் தொழிலாளியின் மகன். மனைவி ஃபிரீடா ஜேர்மன்காரி, அதனால் போர்க்காலம் முழுதும் சந்தேகக் கண். 1915 நவம்பரில் அவருடைய "வானவில்" நாவலை ஆபாசம் என்று நீதிமன்றம் தடைசெய்து பிரதிகளை எரிக்கச் சொன்னது. நாடாளுமன்றத்தில் எழும்பி அதைப் பற்றிக் கேள்வி கேட்டவர் யார் தெரியுமா? பிலிப் மொரெல். ஒட்டலைன் காசு கொடுத்தார், ஆக்களை அறிமுகப்படுத்தினார். ரஸலை லோரன்ஸுக்கு அறிமுகப்படுத்தியதும் அவர்தான். இரண்டு பேரும் சேர்ந்து விரிவுரைத் தொடர் நடத்தத் திட்டமிட்டு, சில மாதங்களிலேயே முறிந்தார்கள். போர்வெறி உனக்குள்ளேதான் இருக்கு என்று லோரன்ஸ் எழுதிய கடிதத்தை வாசித்து, ஒரு நாள் முழுக்கத் தற்கொலையைப் பற்றியே யோசித்ததாக ரஸல் பின்னாளில் எழுதினார்.

1916 கடைசியில் லோரன்ஸின் அடுத்த நாவலின் கையெழுத்துப் பிரதி ஒட்டலைனிடம் வந்தது. அதில் ஹெர்மயனி என்று ஒரு பாத்திரம். உயரமான, விநோத உடுப்புப் போடுகிற, எல்லாரையும் தன் விருப்பத்துக்கு ஆட்டிவைக்கப் பார்க்கிற பிரபுகுலப் பெண். ஒரு கட்டத்தில் காதலனின் தலையில் கல்லால் அடிக்கிறாள். தன்னையும் தன் வீட்டையும் அதில் கண்ட ஒட்டலைன் உடைந்துபோனார். பிலிப் வழக்குப் போடுவேன் என்றார். நட்பு முடிந்தது. பத்து வருசத்துக்கு மேல் கழித்துத்தான், நோயாளியான லோரன்ஸோடு கடிதத் தொடர்பு திரும்ப வந்தது.

இது ஒருமுறை நடந்த விசயம் இல்லை. அந்தப் பண்ணையில் விறகு வெட்டிய ஹக்ஸ்லி, அங்கேதான் மரியா நிஸ் என்ற பெல்ஜிய அகதிப் பெண்ணைச் சந்தித்து 1919இல் கலியாணம் கட்டினார். 1921இல் அவருடைய முதல் நாவல் வந்தது. நாட்டுப்புற மாளிகை ஒன்றில் கூடிக் கதைக்கிற அறிவுசீவிகளைப் பற்றிய நையாண்டி. எந்த மாளிகை என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒட்டலைனுக்குத் திரும்பவும் அடி.

சாப்பிட்டவர்கள் எழுதிய வரலாறு

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எங்கட பழமொழி. கார்சிங்டனில் உப்புத் தின்றவர்கள் வீட்டுக்காரியை நினைத்தார்கள்தான், ஆனால் நகைச்சுவைப் பாத்திரமாக.

வரலாறு படிக்கிற ஆளாக எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. ஒட்டலைன் மொரெலைப் பற்றி எங்களுக்குக் கிடைக்கிற சித்திரத்தில் பெரும்பகுதி விருந்தாளிகள் எழுதிய கடிதங்களிலிருந்தும் நாவல்களிலிருந்தும் வருகிறது. அவர்கள் எழுதத் தெரிந்தவர்கள், அதுவும் உலகத்தரத்தில் எழுதத் தெரிந்தவர்கள். பகலில் அவருடைய மேசையில் சாப்பிட்டு, இரவில் அதே வீட்டு அறையில் இருந்து, அவரைக் கேலி செய்து இன்னொரு நண்பருக்குக் கடிதம் போட்டார்கள். ஸ்ட்ரேச்சி அதில் கெட்டிக்காரர். வூல்ஃபும் குறைந்தவரில்லை. அந்தக் கடிதங்கள் அச்சாகின. ஒட்டலைனின் சொந்த நினைவுக்குறிப்புகளோ, 1938இல் அவர் இறந்து பல வருசத்துக்குப் பிறகு, 1963இலும் 1974இலும்தான் நூலாக வெளிவந்தன. அதற்குள் கேலிச்சித்திரம் உறைந்துவிட்டது.

ஒரு வீட்டைத் திறந்து வைத்திருப்பது வேலை. சாப்பாட்டுத் தட்டுப்பாடு, 1918இல் சீனிக்கும் இறைச்சிக்கும் பங்கீடு, குளிர், குறைகிற காசு, குறை சொல்கிற விருந்தாளிகள். அந்த வேலையின் பாரத்தில் பெரும்பங்கு பெயர் தெரியாத வேலைக்காரப் பெண்களின் தலையில் விழுந்தது. அவர்களுக்கு நினைவுக்குறிப்பு எழுத நேரமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. மிச்சம் ஒட்டலைனின் தலையில். 1917இல், சசூனின் அறிக்கை எழுதப்பட்ட அதே வருசம், கணவருக்கு வேறு பெண்களோடு இருந்த உறவும் அவருக்குத் தெரியவந்தது. அதற்குப் பிறகும் சனி ஞாயிறுகளில் வீடு திறந்துதான் இருந்தது. நாவல் எழுதினால் அது படைப்பு. பத்துப் பேருக்கு இருக்க இடமும், கேர்ட்லருக்கு ஓவியம் வரைய ஓர் அறையும், சிறையில் இருப்பவருக்குக் கடிதம் போகிற வழியும் செய்து கொடுத்தால் அது வெறும் "உபசரிப்பு". பெண்கள் செய்யும்போது மட்டும் இது ஏன் வேலையாகக் கணக்கில் வருவதில்லை?

ஒட்டலைன் எழுதியதைத் தவிர இன்னொன்றையும் விட்டுப்போனார்: படங்கள். அவர் எப்போதும் கமராவோடு திரிந்தவர். அவர் எடுத்த படங்கள் இலண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். புல்வெளியில் சாய்மணைக் கதிரையில் கிடக்கிற ரஸல், தாடியோடு ஸ்ட்ரேச்சி, சிரிக்கிற கரிங்டன். தன்னைக் கேலி செய்தவர்களை அவர் அன்போடுதான் பார்த்திருக்கிறார் என்று அந்தப் படங்களைப் பார்க்க விளங்கும்.

கோட்டை மதிலில் இருந்தவர்

இந்தக் கதைக்குள் எங்கட ஊரும் ஓர் ஓரத்தில் இருக்கிறது. வேர்ஜீனியாவின் கணவர் லெனார்ட் வூல்ஃப் 1904 முதல் 1911 வரை இலங்கையில் சிவில் சேவை அதிகாரியாக இருந்தவர். 1905இல் அவருக்குக் கிடைத்த முதல் நியமனம் யாழ்ப்பாணம். கோட்டை மதிலின் மேல் இருந்த வீட்டில் குடியிருந்தார். அங்கிருந்து அவர் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதியது யாருக்கு என்றால், காற்று மெத்தையில் இருந்த அதே லிட்டன் ஸ்ட்ரேச்சிக்கு. பிறகு கண்டி, அம்பாந்தோட்டை. 1913இல் வந்த "காட்டுக் கிராமம்" பற்றிய நாவல், ஏகாதிபத்தியத்தின் சட்டம் ஒரு ஏழைக் கிராமத்தை எப்படி விழுங்குகிறது என்பதைச் சொல்வது.

போர் வந்தபோது லெனார்ட்டின் கை நடுக்கம் அவரைப் படையிலிருந்து காப்பாற்றியது. அதே வூல்ஃப் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஆட்சியாளர். அவருக்கும் ஊர்ச்சனத்துக்கும் இடையில் நட்பு என்ற சொல்லுக்கு இடமிருக்கவில்லை. கார்சிங்டன் தோட்டத்தில் சுதந்திரத்தைப் பற்றிக் கதைத்த ஆக்களின் வசதியான வாழ்க்கைக்குக் கீழே குடியேற்ற நாடுகளின் உழைப்பும் இருந்தது என்பதை, அந்த வட்டத்திலே நன்றாக விளங்கிக்கொண்டவர்களில் அவர் ஒருவர். பின்னாளில் ஏகாதிபத்தியத்துக்கு எதிராக எழுதியதற்கு இலங்கை அனுபவம்தான் அடி.

என்ன மிச்சம்?

1928இல் மொரெல் குடும்பம் கார்சிங்டனை விற்றுவிட்டு இலண்டனுக்குப் போனது. காசு தாக்குப்பிடிக்கவில்லை. அந்த வீட்டிலிருந்து போரை ஒரு நாள்கூட முன்கூட்டி நிறுத்த அவர்களால் முடியவில்லை. அங்கே கூடினவர்கள் ஒருவரையொருவர் காயப்படுத்தினார்கள், சிலர் சுரண்டினார்கள், பலர் சலுகையில் வாழ்ந்தார்கள். இதையெல்லாம் மறைத்து "அழகான நட்பின் வீடு" என்று எழுதினால் அது பொய் வரலாறு.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்மை. நாடு முழுதும் ஒரே குரலில் கத்துகிறபோது, வேற மாதிரி நினைத்த ஓர் ஆள் போய் இருந்து கதைக்க ஓர் இடம் இருந்தது. ரஸலைப் பல்கலைக்கழகம் வெளியே போட்டபோது ஒரு கதவு திறந்திருந்தது. லோரன்ஸின் புத்தகம் எரிந்தபோது ஒரு ஆள் சபையில் கேள்வி கேட்டார். கேர்ட்லர் 1916இல் வரைந்த "மெரி-கோ-ரவுண்ட்" ஓவியத்தில் படையினரும் பெண்களும் குதிரை இராட்டினத்தில் வாய் திறந்தபடி சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள், இறங்க வழியில்லை. அந்தச் சுற்றிலிருந்து கொஞ்ச நேரமாவது இறங்கி நிற்க ஓர் இடத்தைச் செய்வது சின்ன விசயம் இல்லை.

நட்பை நாங்கள் பெரும்பாலும் ஓர் உணர்ச்சியாகத்தான் எழுதுகிறோம். கார்சிங்டனை வாசித்த பிறகு எனக்கு அது ஒரு வேலையாகத் தெரிகிறது. மன்றுக்குக் கூடப் போவது, மெத்தையைக் காவுவது, சிறைக்குப் புத்தகம் கொண்டுபோவது, கேலி செய்தவனுக்கும் அடுத்த கிழமை சாப்பாடு போடுவது. ஒட்டலைன் அந்த வேலையைச் செய்தார். மற்றவர்கள் புத்தகம் எழுதினார்கள். இனி அந்தப் புத்தகங்களை வாசிக்கும்போது, மேசையில் சாப்பாடு வைத்தது யார் என்றும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.